பச்சமாமாவும் பச்சையம்மனும்: கெச்சுவா மொழி தமிழுக்கு உறவா?

காலிங்கராயன் கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கமுங்க. ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, யாரும் சொல்லாமலே, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் பேசப்படும் கெச்சுவா மொழியைப் பற்றித் தேடிப் படித்து, கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் எழுதி என் மேசையில் வைத்திருக்கிறாள். கெச்சுவா தமிழிலிருந்து பிறந்த மொழி என்று கட்டுரையை முடித்திருக்கிறாள்.

அவள் காட்டும் சான்றுகள் இவை. அம்மக்கள் வணங்கும் நிலத்தாயின் பெயர் பச்சமாமா, நமக்குப் பச்சையம்மன். வீட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல் வசி. நாம் வசிக்கிறோம் என்கிறோம். கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல்லும், விலக்கிச் சொல்ல வேறொரு சொல்லுமாக, நம்முடைய நாம், நாங்கள் போலவே அவர்களிடமும் இரண்டு உண்டு. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டுகின்றன. இவற்றுள் கடைசி மூன்றும் சரியானவை என்று நானும் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இத்தனை ஒற்றுமை இருக்கும்போது உறவே இல்லை என்று எந்த அடிப்படையில் சொல்வது? இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் எனக்கு மனம் துணியவில்லை. சிவப்பு மையில் சுழித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை இனி எதையும் தேடிப் படிக்க மாட்டாள் என்ற அச்சமும் இருக்கிறது. மொழியியல் தெரிந்தவர்கள் அவளிடம் நான் படித்துக் காட்டும்படியாக எழுத வேண்டுகிறேன்.

தாளவாடி மேட்டுநிலம்

வணக்கம் டீச்சர். எங்கள் வீட்டில் கன்னடமும் தமிழும் ஒரே வாயில் புழங்கும். மொழி உறவு என்றால் என்ன என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே சந்தைப் பேச்சில் கேட்டு வளர்ந்தவன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தமிழில் பால் என்பது கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு. இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று ஏதோ ஒலிக்கிறாற்போல் இருக்கின்றன என்பதல்ல இங்கே செய்தி. தமிழில் சொல்லின் முதலில் பகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் நிற்கிறது, அதுவும் ஒன்றிரண்டு சொல்லில் மட்டுமன்றிச் சொல்லுக்குச் சொல் அப்படியே நிற்கிறது என்பதே செய்தி. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அந்த இடங்களில் பகரமே இருப்பதால், மாற்றம் பின்னால் நேர்ந்தது என்பதையும் கண்ணால் பார்க்கலாம். மொழியியலார் உறவு என்று சொல்வது இத்தகைய ஒழுங்கைத்தான். காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதை அவர்கள் உறவுக்குச் சான்றாகக் கொள்வதில்லை.

இப்போது பச்சையம்மனுக்கு வருவோம். பச்சை என்பது பசுமை, பாசி, பசலை என்ற சொற்களோடு ஒரே வேரில் கிளைத்தது. அதன் கன்னட உறவு ஹசிரு. இங்கும் பகரத்துக்கு ஹகரம் ஒழுங்காக வந்து நிற்பதைப் பாருங்கள். கெச்சுவாவில் பச்ச என்ற சொல்லுக்குப் பசுமை என்ற பொருளே கிடையாது. அது நிலம், உலகம், காலம் ஆகியவற்றைச் சேர்த்துக் குறிக்கும் ஆழமான சொல். பச்சை நிறத்துக்கு அவர்களிடம் கோமிர் என்று வேறு சொல் இருக்கிறது. மாமா என்பது தாயைக் குறிப்பது உண்மை. ஆனால் உதடுகளைச் சேர்த்துக் குழந்தை முதலில் எழுப்பும் ஒலி அது என்பதால், உறவில்லாத மொழிகள் பலவற்றிலும் தாய்க்கு இப்படிப்பட்ட பெயரே அமைந்திருக்கிறது.

வசி என்ற சொல்லில் சிக்கல் வேறு வகையானது. கெச்சுவாவில் வசி என்றால் வீடு என்பது சரியே. ஆனால் நம்முடைய வசி, வாசம், நிவாசம் எல்லாம் வடமொழி வழியே தமிழுக்கு வந்தவை. கடன் வாங்கிய சொல்லைக் காட்டித் தமிழின் பிள்ளை என்று இன்னொரு மொழியை எப்படி உரிமை கொண்டாடுவது? எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: ஹுக், இஸ்காய், கிம்சா, தவா, பிச்கா. நம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பவற்றோடு எந்த ஒழுங்கிலும் இவை பொருந்தவில்லை. கன்னடத்தின் ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது பொருந்துவதைப் பார்த்தவுடன் வேறுபாடு விளங்கும்.

இலக்கண ஒற்றுமைகள் உண்மையானவை, அழகானவை. வசி என்றால் வீடு, வசிகுன என்றால் வீடுகள், வசிகுனமந்த என்றால் வீடுகளிலிருந்து. பன்மை முதலில், வேற்றுமை பிறகு என்று நம் வரிசையிலேயே ஒட்டுகள் வருகின்றன. ஆனால் துருக்கியும் ஜப்பானியமும்கூட வினையைக் கடைசியில் வைத்து ஒட்டுகளை அடுக்கும் மொழிகள்தான். மனித மொழிகளுக்கு இருக்கக்கூடிய கட்டமைப்பு வகைகள் எண்ணிக்கையில் குறைவு. ஒரே வகையை இரு மொழிகள் தத்தம் போக்கில் அடைவது இயல்பு.

மாணவியின் சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது நாம், நாங்கள் பற்றியது. கெச்சுவாவில் ஞொகஞ்சிக் என்றால் நாம், ஞொகய்கு என்றால் நாங்கள். 1584இல் பெரு நாட்டின் லிமா நகரில் அச்சான கிறித்தவ மறைநூலில், இறைவனை நோக்கிய செபம் யயய்கு என்று தொடங்குகிறது. எங்கள் தந்தையே என்பது அதன் பொருள். கேட்பவர் கடவுளாகையால் அவரை விலக்கிய வடிவத்தைத்தான் அங்கே சொல்ல முடியும். நம் தேவாலயங்களிலும் எங்கள் தந்தையே என்றுதான் சொல்கிறார்கள், நம் தந்தையே என்பதில்லை. ஸ்பானியத்தில் இந்த வேறுபாடு இல்லை. பாதிரிமார் அதைக் கெச்சுவா பேசுவோரிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

ஆனால் இதே சான்றுதான் உறவுக் கருத்தைக் கவிழ்க்கிறது. எங்கள் வீட்டுக் கன்னடத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் நாவு என்ற ஒரே சொல்தான். பழங்கன்னடத்தில் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதேபோல, ஈக்வடாரில் பேசப்படும் கிச்சுவா என்ற கெச்சுவா வழக்கிலும் அது மறைந்து ஞுகஞ்சிக் மட்டும் நிற்கிறது. உடன்பிறந்த மொழி இழந்துவிட்டது. ஏழு கடல் கடந்த மொழி வைத்திருக்கிறது. அப்படியானால் இது குடும்ப அடையாளமாக இருக்க முடியாது.

வேறுபாடுகளையும் அவளுக்குக் காட்டுங்கள். கெச்சுவாவில் அவன், அவள், அது மூன்றுக்கும் பய் என்ற ஒரே சொல். நம் திணையும் பாலும் அங்கே இல்லை. உன் வீடு என்பதில் உன் என்பதையும் பின்னொட்டாகவே சேர்த்து வசிய்கி என்பார்கள். நான் உன்னைப் பார்க்கிறேன் என்ற மூன்று சொல்லை ரிகுய்கி என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் அந்த ஒரே ஒட்டுக்குள் அடங்கியிருக்கிறார்கள். தமிழ் வினைமுற்று எழுவாயை மட்டுமே காட்டும்.

வால்பாறைச் சாரல்

மேலே எழுதிய அன்பர் மொழியின் உடலமைப்பைச் சொல்லிவிட்டார். வரலாற்றைப் பற்றி நான் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் மலைக்கும் கெச்சுவாவுக்கும் சான்றுள்ள தொடர்பு ஒன்று இருக்கிறது.

வால்பாறையில் சின்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. மலைக்காய்ச்சலுக்கு நம் பாட்டன்மார் விழுங்கிய கொயினா மருந்து சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. கொயினா, குயினைன் என்ற பெயர்கள், பட்டையைக் குறிக்கும் கினா என்ற கெச்சுவாச் சொல் ஸ்பானியத்தின் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தவை. அந்த மரத்தை 1860இல் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரும் பணியை நடத்தியவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர். அவர் கையால் சேகரித்த செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே பட்டுப்போயின. ஈக்வடாரிலிருந்து ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலார் அனுப்பிய விதைகள் உதகையில் முளைத்துத் தழைத்தன. இதே மார்க்கம் 1864இல் கெச்சுவா இலக்கணத்துக்கும் அகராதிக்குமாக ஒரு நூல் வெளியிட்டார். மரம் வெளியே போவதை அந்நாட்டார் விரும்பவில்லை என்பதையும், அவர்களுடைய இசைவைப் பெறாமல்தான் செடிகள் கப்பலேறின என்பதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கெச்சுவா என்பது அம்மக்கள் தம் மொழிக்கு முதலில் வைத்துக்கொண்ட பெயர் அன்று. அவர்கள் சொல்வது ருனசிமி. ருன என்றால் மனிதன், சிமி என்றால் வாய், பேச்சு. கெச்சுவா என்ற சொல்லோ, உச்சி மலைக்கும் வெப்பமான தாழ்நிலத்துக்கும் இடைப்பட்ட மிதமான பள்ளத்தாக்கைக் குறிப்பது. குறிஞ்சி, முல்லை என்று நிலத்துக்குப் பெயரிட்டு அங்கே வாழும் முறையையும் அதே பெயரால் அழைத்த நமக்கு இது எளிதில் பிடிபடும்.

ஸ்பானியர் வருமுன் ஆண்டிஸ் மலைநாட்டை ஆண்ட இன்கா அரசர்களின் மொழி, அவர்கள் தலைநகரான குஸ்கோவில் பிறந்து படைகளோடு பரவியது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். 1960களில் ஆல்ஃபிரெதோ தொரேரோ, கேரி பார்க்கர் ஆகிய மொழியியலார் இருவரும் தனித்தனியே வட்டார வழக்குகளை ஒப்பிட்டு, கெச்சுவாவுக்குள் மிகுந்த வேறுபாடு பெரு நாட்டின் நடுப்பகுதியில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். ஒரு மொழி நெடுங்காலம் வேரூன்றிய இடத்தில்தான் அது அதிகம் கிளைத்திருக்கும். ஆகவே இன்காக்கள் எழுச்சி பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அம்மொழி நடுப் பெருவிலிருந்து பரவத் தொடங்கியிருந்தது. 15ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் அதைத் தம் ஆட்சிமொழியாகக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

1532இல் ஸ்பானியர் வந்தனர். 1560இல் தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற துறவி ஸ்பெயினின் வல்லதோலித் நகரில் கெச்சுவாவின் முதல் இலக்கணத்தை அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வெளிவந்தது 1578இல் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரே தலைமுறைக்குள் இரு மொழிகளும் ஒரே வகைப் பாதிரிமாரின் கையில் அச்சேறியிருக்கின்றன. நம்மிடம் அதற்கு முன்பே ஓலைச்சுவடிகளில் பெரும் இலக்கியம் இருந்தது. அவர்களிடம் எழுத்து இல்லை; கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைத்திருந்தார்கள்.

முதலில் சமயத்தைப் பரப்பக் கெச்சுவாவைப் பயன்படுத்திய அரசே பிறகு அதன்மேல் கை வைத்தது. 1780இல் இரண்டாம் துபாக் அமாரு தலைமையில் எழுந்த பெரும் கிளர்ச்சி அடக்கப்பட்டு, 1781இல் அவர் குஸ்கோ சதுக்கத்தில் கொடூரமாகக் கொல்லப்பட்டபின், இன்கா உடையையும் நினைவுச் சின்னங்களையும் தடை செய்த ஆணை, கெச்சுவா பேசுவதையும் ஒழிக்க முனைந்தது. பெரு நாடு அதை ஆட்சிமொழியாக ஏற்றுக்கொள்ள 1975 வரை ஆயிற்று. ஆண்டிஸ் நாடுகள் அனைத்திலும் சேர்த்து இன்று ஏறத்தாழ 80 லட்சம் முதல் ஒரு கோடிப் பேர் வரை அதைப் பேசுவதாகக் கணக்கிடுகிறார்கள். 2017 பெரு மக்கள்தொகைக் கணக்கில் மட்டும் 37 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைத் தாய்மொழி என்று பதிந்திருக்கிறார்கள்.

இவ்வளவு வதைபட்டு மீண்ட மொழியைத் தமிழின் கிளை என்று சொல்வது, நம்மை அறியாமலே, அம்மக்களின் உடைமையை இன்னொரு முறை எடுத்துக்கொள்வதாகிவிடும். அந்த மாணவிக்கு இதைப் பக்குவமாகச் சொன்னால் கட்டாயம் புரிந்துகொள்வாள்.

மண்டிக் கணக்கர்

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு மொழியியல் தெரியாது. ஆனால் நாள் முழுக்க என் முன்னால் மூட்டை மூட்டையாக இறங்குவது அந்த மக்களுடைய பயிர் என்பதால் ஒரு செய்தி சேர்க்கிறேன்.

உருளைக்கிழங்கின் கெச்சுவாப் பெயர் பப்பா. தென் அமெரிக்க ஸ்பானியத்தில் இன்றும் அதே பெயர்தான். இரவில் உறைபனியில் கிழங்கைப் பரப்பி, பகல் வெயிலில் காயவிட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, சுஞ்ஞு என்ற வற்றலாக்கி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். நீலகிரிக் கிழங்கு நான்கு நாள் மழையில் நனைந்தாலே அழுகிப்போவதைப் பார்க்கிற எனக்கு அந்த அறிவு பெரிதாகத் தெரிகிறது. பூமா, லாமா, கோகா, கின்வா என்று நாம் படிக்கும் பெயர்களும் அந்த மொழியிலிருந்து வந்தவைதான். தமிழுக்குக் கெச்சுவாவோடு தொடர்பு வேண்டுமென்றால், டீச்சர், இந்தச் சொற்கள் பயணம் செய்த பாதையைப் பிள்ளையிடம் எழுதச் சொல்லலாமே.

காலிங்கராயன் கரை

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை வகுப்பு முடிந்தபின் அவளை உட்காரவைத்து இவற்றைப் படித்துக் காட்டினேன். பால், ஹாலு வரிசையை அவளே கரும்பலகையில் எழுதி, பள்ளி, பாம்பு என்று இன்னும் சில சொற்களைச் சேர்த்து, பள்ளி ஹள்ளி ஆகுமா என்று கேட்டாள். கன்னடத்தில் ஹள்ளி என்றால் சிற்றூர் என்றும், பழந்தமிழில் பள்ளி என்பதற்குச் சிற்றூர் என்ற பொருளும் உண்டு என்றும் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. கட்டுரைக்கு வேறு தலைப்பு வைக்கிறேன் என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அவள் கேட்ட இரண்டு கேள்விகளை அப்படியே இங்கே வைக்கிறேன். அவர்கள் பேச்சில் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிரித்துச் சொல்ல ஒட்டுகள் இருப்பதாகப் படித்தாளாம், அது என்ன? கெச்சுவாச் சொற்களைத் தமிழ் எழுத்தில் சரியாக எழுத முடியுமா?

தாளவாடி மேட்டுநிலம்

பள்ளி, ஹள்ளியை அவளே கண்டுபிடித்தாள் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

அவளுடைய முதல் கேள்விக்கு நம் பேச்சிலேயே பாதி விடை இருக்கிறது. குஸ்கோ வழக்கில் பரஷன்மி என்றால் மழை பெய்கிறது, நான் பார்க்கிறேன் என்று பொருள். பரஷன்சி என்றால் மழை பெய்கிறதாம். பரஷன்சா என்றால் மழை பெய்கிறது போலும். மி என்பது நேரில் அறிந்ததற்கும், சி என்பது பிறர் சொல்லக் கேட்டதற்கும், சா என்பது ஊகத்துக்கும் ஆனவை. நம்மிடம் கேள்விப்பட்டதற்கு ஆம் இருக்கிறது, கன்னடத்தில் அந்தெ இருக்கிறது. கொங்கு வழக்கில் மழை வருமாட்ட இருக்குது என்று ஊகத்தையும் சொல்கிறோம். ஆனால் நான் கண்ணால் கண்டேன் என்பதற்கென்று தனி ஒட்டு நம்மிடம் இல்லை; வெறும் வினைமுற்றே அந்த வேலையைச் செய்கிறது. 1608ஆம் ஆண்டளவில், லிமாவுக்கு மேலே உள்ள வரோச்சிரி மலைப்பகுதியின் தெய்வக் கதைகளைக் கெச்சுவாவிலேயே எழுதிவைத்த கையெழுத்துப் படி ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் பழங்கதை நெடுகிலும் சி ஒட்டு வருகிறது. ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தானாம் என்று நம் ஆத்தாமார் சொல்லும் ஆம்தான் அது.

இரண்டாம் கேள்வி கடினமானது. குஸ்கோவில் தகரம் மூன்று வகை: வெறும் தகரம், மூச்சோடு கூடிய தகரம், தொண்டையை அடைத்து வெடித்து ஒலிக்கும் தகரம். தந்த என்ற சொல்லின் தொடக்கத்தில் முதல் வகை வந்தால் கூட்டம், இரண்டாவது வந்தால் கந்தல், மூன்றாவது வந்தால் ரொட்டி. தமிழில் மூன்றையும் தந்த என்றே எழுத வேண்டிவரும். தவிர, நகரத்தையடுத்த தகரத்தை நாம் மெலிந்த ஒலியாகப் படிப்போம். குஸ்கோக்காரர் வல்லொலியாகவே சொல்வார். வியப்பு என்னவென்றால், ஈக்வடார்க்காரர் மந்த என்ற ஒட்டை நாம் படிப்பதுபோலவே மெலித்துத்தான் சொல்கிறார்.

உயிரெழுத்தில் நம் எழுத்துமுறை அவர்களுக்கு ஒரு பாடமாகவே அமையும். கெச்சுவாவில் அடிப்படை உயிர்கள் அ, இ, உ மூன்றுதான்; அடித்தொண்டையில் பிறக்கும் ககரத்தின் பக்கத்தில் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் சாய்ந்து ஒலிக்கும். மேலே பச்சை நிறத்தைக் கோமிர் என்று நான் எழுதியதும் அந்த ஒலியைக் கேட்டு எழுதியதே. மூன்றுயிர் முறையில் அதற்கு உகரம்தான் வரும். பெரு நாட்டில் 1975இல் ஐந்து உயிர்களோடு எழுத்துமுறை வகுத்தார்கள். 1985இல் அதை மூன்றாகக் குறைத்தார்கள். குஸ்கோவில் பலர் இன்றும் ஐந்தே வேண்டும் என்று வாதாடுகிறார்கள். கல், மகள், சங்கு மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலித்தாலும் ஒரே எழுத்தால் எழுதி, இடம் பார்த்துப் படிக்கிறோமே, மூன்றுயிர்க் கட்சியார் கேட்பதும் அதைத்தான். பேசத் தெரிந்தவருக்கு அது தடையாகாது. எழுத்தைப் பார்த்து மொழியைக் கற்கவரும் அயலாருக்குத்தான் தடுமாற்றம்.

ஆகவே அவள் தமிழில் எழுதும்போது, ஐயமுள்ள சொல்லுக்குப் பக்கத்தில் ஒலியை ஒரு வரியில் விளக்கி எழுதட்டும். தந்த என்று எழுதி, தகரத்தைத் தொண்டை அடைத்து வெடிக்கச் சொல்லவும், பொருள் ரொட்டி என்று குறித்தால் போதும். புதுக் கட்டுரையை முடித்தபின், அவளுக்கு விருப்பமிருந்தால், இங்கே இடச் சொல்லுங்கள். ஹள்ளி வரிசைக்கு இன்னும் இருபது சொல் நான் எழுதி வைத்திருக்கிறேன்.